பதினான்கு மாடி வாசலில் செருப்புகள்

அந்தப் பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பியபோது எங்கள் டவுனில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அதைத் திட்டும்போது, ஹஃபீசா ஆரம்பத்திலிருந்தே வயிற்றெரிச்சல்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் கடைக்கு வெளியே வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். பெரிய ஹோட்டல் வருகிறது, ஊரெல்லாம் ஆள் வரும், நம் கடையிலும் அடுப்பு அணையாது என்று கணக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஜலால் ஈப்போவுக்குப் போய் புதுக் கோப்பைகள்கூட வாங்கி வந்தார். கோப்பைகள் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வர ரொம்ப நாளாயிற்று.

எங்கள் டவுனை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வரும் ஊர். ஊர் என்றால் ஒரே தெரு. மேற்கே கீழ்க்கோடியில் பஸ்ஸும் லோரியும் நிற்கும் இடம், கிழக்கே மேல்கோடியில் மீனும் கீரையும் விற்கும் பசார். நடுவே இரண்டு பக்கமும் பழைய மாடிக் கடைகள். கடைகளின் மேல்மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை ஓடும். அதைத்தான் அஞ்சடி என்போம். கடை நம்முடையது, ஆனால் கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடக்கிறவர்களுடையது. மத்தியானமானால் மழை கொட்டுகிற மலையில் அந்தக் கூரை மட்டும் இல்லையென்றால் மனுஷர் எவரும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுகளிலிருந்து லோரிகள் வரும். தேயிலை எடுக்கும் பெண்கள் இறங்கி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அஞ்சடியில் நடந்து பசாருக்குப் போவார்கள். மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தால் அதைவிட்டு விலகாமல் கொழுந்து எடுக்கிறவர்கள் அவர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து பழகிய கால், டவுனில் இடமிருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில் போகாது. வரிசைக்கு முன்னால் எப்போதும் இராசம்மா நடப்பாள். எஸ்டேட்டின் மேல் டிவிசனில் அவள் பேச்சுக்குக் கங்காணியே மறுபேச்சுப் பேசமாட்டான் என்று கேள்வி. என் கடை வந்ததும் இராசம்மா நிற்பாள், அவள் நின்றால் வரிசையே நிற்கும். மழை விட்டதும் கீழ்க்கோடிப் பக்கமிருந்து சாய்ந்து விழும் வெயிலில் என் வாசல் பெஞ்சு சூடாக இருக்கும். அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தேத்தண்ணியும் ரொட்டியும் சாப்பிட்டு, ஒரு வாரத்துக் கதையைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் அவர்கள் லோரி ஏறுவார்கள். அந்த ஒரு நாள் கூட்டம்தான் எங்களுக்கு மற்ற ஆறு நாளுக்கும் சோறு போட்டது.

கட்டடம் எழுந்தது எங்கள் வரிசையில்தான். பஸ் நிற்கும் இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த கடைகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். ஹோட்டல் முடிகிற இடத்தில் முதல் கடை எங்களுடையது. திறப்பு விழாவுக்குப் பேண்டு வாத்தியம் வந்தது, எல்லாருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் இனிப்பு. நானும் வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. முதலில் போனது வெயில். மத்தியானம் பிந்தியதும் அந்தக் கட்டடத்தின் நிழல் எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது, இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை. மழையில் நனைந்த பெஞ்சு நனைந்தபடியே கிடந்தது. மலையில் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஒரு மணி நேர வெயில் என்ன பெறும் என்று. அடுத்தது காற்று. பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்று முன்பெல்லாம் கடைகளின் கூரைக்கு மேலே போய்விடும். இப்போது அது கட்டடத்தில் முட்டி, கீழே இறங்கி, மூலை திரும்பி நேராக என் கடைமுன் வந்து ஆடியது. குடைகள் பின்பக்கமாக விரிந்தன, சேலைத் தலைப்பு முகத்தை மூடியது, அடுப்பு ஜுவாலை படுத்துக்கொண்டது. ஜலால் இரண்டு அடி உயரத்திலிருந்து தேத்தண்ணியை இழுத்து ஆற்றுவார். ஒருநாள் காற்று அதைக் கொண்டுபோய் அஞ்சடியில் நின்ற தபால்காரரின் சட்டையில் ஊற்றியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூலையில் ஒரு தகரத்தை அடிக்கச் சொன்னேன், அடுப்பை உள்ளே தள்ளிப் போட்டேன். ஆனால் வழியை அடைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹோட்டலுக்கு முன்னாலும் அஞ்சடி இருந்தது. சட்டப்படி விட்டாக வேண்டும் என்பதால் தூணெல்லாம் வைத்துக் கட்டியிருந்தார்கள். தரைக்கு முகம் தெரிகிற மார்பிள். ஆனால் இரண்டு முனையிலும் பூந்தொட்டிகளை நிறுத்தி, நடுவே பித்தளைச் சங்கிலியைக் கட்டிவிட்டார்கள். கீழ்முனையில், ஹோட்டலின் பெரிய கதவுக்குப் பக்கத்தில், தொப்பி போட்டு ஜாகா என்கிற காவல்காரன் ஒருவனையும் நிறுத்தினார்கள். அந்த ஜாகா வேறு யாருமில்லை, இராசம்மாவின் கொழுந்தன் நல்லுசாமி. எஸ்டேட்டில் சாக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தவன், பித்தளைப் பொத்தான் வைத்த உடுப்பில் ஆளே மாறியிருந்தான். தரை துடைக்கிற வேலைக்கு அதே டிவிசனிலிருந்து நீலாவதி என்றொரு பெண் வந்திருந்தாள்.

சங்கிலியைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட்டது. ஹோட்டலுக்கு முன்னால் ரோட்டில் இறங்கி நடக்கலாம் என்றால், மேலே மழை, பக்கத்தில் சுற்றுலா பஸ்கள். எதிர்ப்பக்க அஞ்சடியில் ஏறினால் நனையாமல் நேரே பசார் போய்விடலாம். நடுவில் ரோட்டைக் கடந்து என் கடைக்கு வர யாருக்குத் தலையெழுத்து? இராசம்மா மட்டும் தன் வரிசையோடு இரண்டு வாரம் பிடிவாதமாகக் கடந்து வந்தாள். இரண்டாவது வாரம் ஹோட்டலிலிருந்து திரும்பிய பஸ் அவள் குடையைத் தட்டிக்கொண்டு போனது. நனைந்த தலையோடு வந்து உட்கார்ந்தாள்.

“பாயம்மா, நான் மட்டும்னா வந்துருவேன். என் பின்னாடி முப்பது பேரு வர்றாளுங்க. ஒருத்தி அடிபட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லயத்து வீடுகளுக்குப் போறது?” என்றாள்.

வராதே என்று நானே சொன்னேன். சொன்ன பிறகு அடுப்படியில் போய் அழுதேன்.

ஜலாலுக்கு அழ வராது. அவருக்கு வந்தது யோசனை. மலைக்குக் கீழே தாப்பாவில் அவருடைய அண்ணன் சலீமுக்குப் பெரிய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பத்துப் பேரை வேலை வாங்குகிற கடை. “அண்ணன் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு ஹஃபீசா. போயிடலாம்லா. மாடியில ரூம் இருக்கு. நான் ரொட்டிக் கல்லுல நிக்கிறேன், நீ உள்ள அண்ணிக்கு ஒத்தாசையா இரு,” என்றார்.

அண்ணிக்கு ஒத்தாசை. இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சலீம் மச்சானின் மனைவி நல்லவர்தான், ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் அவர் சமையலறையில் யாரும் உப்பில் கைவைக்க முடியாது. பெருநாளுக்குப் போனால்கூட ஒரு வெங்காயம் உரிப்பதற்கு அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே இந்தச் சின்னக் கடையில் குழம்புக்கு எவ்வளவு புளி என்று நான்தான் சொல்வேன். என் வாப்பா கண் மூடியபிறகு எனக்கென்று இருக்கும் இடம் இது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, நாற்பது வயதில் இன்னொருத்தி அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுக்கப் போக வேண்டுமா?

“நான் வரல,” என்றேன்.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழமை அவரு லோரி கோலா தெர்லாவுக்கு முட்டக்கோசு ஏத்தப் போவுது. சாயங்காலம் திரும்பறப்ப நம்ம சாமானையும் ஏத்திக்கிறேன்னுட்டாரு.”

என்னைக் கேட்காமலே லோரிவரைக்கும் பேசிவிட்டார். அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன். “அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இது என் கடை. அதுக்குள்ள கூட்டம் திரும்பி வந்துச்சுன்னா லோரி முட்டக்கோசோட மட்டும் போகணும். சரியா?”

“வந்தா யாரு போகச் சொன்னா?” என்றார் அவர். வரும் என்று அவருக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. மறுநாளே புதுக் கோப்பைகள் இருந்த பெட்டியை இன்னொரு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினார்.

நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்தேன். நல்லுசாமி சங்கிலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மேனேஜர் பிசியா இருக்காரு பாயம்மா,” என்றான். நீ குடித்த தேத்தண்ணிக்குப் பல நாள் நான் காசு கேட்டதில்லை என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். உடனே மேனேஜர் பிசியாக இல்லாமல் போனார்.

மேனேஜர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர், மெலிந்த மனிதர், குரல் உயர்த்தாதவர். மலாயில்தான் பேசினோம். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அவருடைய மரியாதை பெரிய இடைஞ்சலாக இருந்தது. வழியை நாங்கள் அடைக்கவில்லை, அது பொதுவழிதான் என்றார். பிறகு சங்கிலி எதற்கு என்றேன். சேறுதான் பிரச்சினை என்றார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டிலிருந்து வருகிற அத்தனை காலிலும் செம்மண் சேறு, விருந்தாளிகள் வழுக்கி விழுகிறார்கள், துடைப்பதற்கு ஆள் போதவில்லை.

“சேறில்லாம வந்தா விடுவீங்களா?” என்று கேட்டேன்.

“தாராளமாக. யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.”

“இதை உங்க ஜாகாகிட்ட என் முன்னாடியே சொல்லிடுங்க.”

அவர் வெளியே வந்து சொன்னார். நல்லுசாமி சல்யூட் அடித்தான். நான் கடைக்குத் திரும்பி, இரண்டு நல்ல சாக்குகளை உதறி எடுத்து, கீழ்முனைப் படியில் விரிக்கும்படி அவனிடம் கொடுத்தேன். காலை நன்றாகத் துடைத்துவிட்டு வரட்டும், அவ்வளவுதானே. எஸ்டேட் லோரி டிரைவரிடம் இராசம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். சேறில்லாமல் வந்தால் ஹோட்டல் வழியாகவே நடக்கலாமாம், தீபாவளிக்கு வரும்போது எல்லாரையும் அந்த வழியாகவே கூட்டி வா என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் செய்த முதல் வேலை பெஞ்சை இடம் மாற்றியது. சாயங்கால வெயிலைத்தான் பறித்துக்கொண்டார்கள், பசார் பக்கமிருந்து வருகிற காலை வெயில் எங்கே போகும்? பெஞ்சைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். இரண்டு மடங்கு மாவு பிசைந்தேன். ஜலால் சுவரிலிருந்த படங்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

தீபாவளிச் சாமான் வாங்குகிற கூட்டம் என்பதால் லோரிகள் வழக்கத்தைவிட அதிகம். வந்து சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் என் கடை மூலையிலிருந்து மார்பிள் பாதை நெடுகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லுசாமி சங்கிலியை அவிழ்த்தான். இராசம்மா சாக்கின்மேல் ஏறினாள், காலைத் துடைத்தாள், தரையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றது.

“வாங்க அண்ணி. தொடச்சாச்சில்ல, போதும் வாங்க,” என்றான் நல்லுசாமி.

இராசம்மா குனிந்து தன் ரப்பர் செருப்பைக் கழற்றினாள். சாக்குக்குப் பக்கத்தில் ஜோடியாக ஒழுங்காக வைத்தாள். வெறுங்காலோடு மார்பிளில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் கேள்வி கேட்கவில்லை, தன்னுடையதைக் கழற்றி இராசம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கடுத்தவளும் அப்படியே. முன்னால் போகிறவள் செய்வதைப் பின்னால் வருகிறவள் செய்வதுதான் அவர்கள் நிரை வழக்கம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோயிலுக்குள் போகிறபோது கழற்றுவோம், பள்ளிவாசலில் கழற்றுவோம். துரை பங்களாவுக்குப் போனால் படியில் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் இது தெரு. தெருவில் நடப்பதற்கு எவனாவது செருப்பைக் கழற்றுவானா? நான் போய்ச் சண்டை போட்டு வாங்கிவந்த வழியில் இவர்கள் இப்படிக் கும்பிட்டுக்கொண்டு வருகிறார்களே என்று எரிந்தது.

இராசம்மா என் வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏன்டி, அது என்ன துரை பங்களாவா? செருப்பக் கழட்டிட்டு வர்ற? நான் தொடைக்கத்தான சாக்குப் போடச் சொன்னேன்?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சாக்குல தொடச்சா செம்மண்ணு போயிருமா பாயம்மா? அங்க மண்டி போட்டுத் தொடைக்கிறது நம்ம நீலாவதிலா. நான் மிதிச்சிட்டுப் போவேன், அவ பின்னாலயே தொடச்சிக்கிட்டு வருவாளா? சேறில்லாம வரணும்னு நீங்கதான சொல்லி அனுப்புனீங்க?”

“சரி, உக்காரு,” என்றேன். ஜில்லென்ற மார்பிளில் நடந்துவந்த கால்களைத் தேய்த்துக்கொண்டு எல்லாரும் ஒரே குரலாகச் சூடாக ஏதாவது கேட்டார்கள்.

வெறுங்காலோடு பசாருக்குப் போனார்கள். பசார் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மீன் தண்ணியும் கீரைச் சேறுமாக இருக்கும். செருப்போ ஹோட்டல் கீழ்வாசலில். எதிர்ப்பக்கம் போனாலும் செருப்புக்காக இந்தப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். இந்தப் பக்கம் வந்தால், சேற்றுக்காலோடு நீலாவதி துடைத்த தரையில் ஏற மாட்டார்கள். ஆக, திரும்பி வந்த ஒவ்வொருத்தியும் என் வாசலில் நின்று காலைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். ஜலாலைக் கூப்பிட்டு, கட்டி வைத்திருந்த தண்ணீர் டிரம்மை அவிழ்த்து அஞ்சடி ஓரத்தில் வைக்கச் சொன்னேன். கால் கழுவினார்கள், ஈரம் காயும்வரை உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் குடித்தார்கள், குடித்தவர்கள் சாப்பிட்டார்கள். பெஞ்சு போதாமல் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். வெயில் இல்லை, காற்று அடித்தது, யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் சூரியன் எதற்கு?

“கோப்பை பத்தல,” என்றார் ஜலால். பெட்டியைக் காட்டினேன். இரண்டு சுற்றுக் கயிற்றையும் அவரே வெட்டினார்.

கீழ்வாசலில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. எல்லா டிவிசன் லோரிகளும் வந்துவிட்டன. முதலில் ஒரு வரிசையாக இருந்த செருப்புகள் நான்காகி, ஹோட்டல் படிகளில் ஏறி, பெரிய கதவுவரைக்கும் போய்விட்டன. எஸ்டேட்டில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசை பிடித்து நிற்பதுபோல அத்தனையும் ஒழுங்காக நின்றன. அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து சுற்றுலா பஸ் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர்கள் செருப்புகளைப் பார்த்தார்கள், வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்த்தார்கள், இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று தங்கள் சப்பாத்துகளையும் கழற்ற உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தது ஹோட்டல் படியில். வாசல் அடைத்துக்கொண்டது. தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரம்மா காலுறையோடு மார்பிளில் வழுக்கி, நல்லுசாமியின் பித்தளைப் பொத்தானைப் பிடித்து நின்றார் என்று அவனே பிறகு என்னிடம் சொன்னான். பொத்தான் பிய்ந்துவிட்டது.

மேனேஜர் என் கடைக்கு ஓடி வந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்தது. “இதென்னம்மா, வாசலெல்லாம் செருப்பு? போட்டுக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.”

“நீங்கதான சேறில்லாம வரணும்னீங்க?” என்று மலாயில் கேட்டேன். எவ்வளவு முயன்றும் என் முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பரவாயில்லை, சேறு வரட்டும். செருப்போடு வரட்டும்.”

நான் அதை இராசம்மாவுக்குச் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவசரமே படவில்லை. “செருப்போட வந்தா தொடைக்கிறது யாருன்னு கேளுங்க பாயம்மா. நீலாவதி ஒருத்தி. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ரெண்டு பேர வேலைக்கி வச்சா நாங்க செருப்போட வர்றோம். இல்லன்னா இப்படியே வர்றோம். எங்களுக்கு ஒண்ணும் சிரமமில்ல.”

நான் அப்படியே மாற்றிச் சொன்னேன். மேனேஜர் திரும்பித் தன் வாசலைப் பார்த்தார். படியில் இன்னொரு வெள்ளைக்காரர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “சரி, ஆள் வைக்கிறேன்,” என்றார். “அந்தச் சங்கிலி?” என்றேன். “எடுத்துவிடச் சொல்கிறேன். பூந்தொட்டியையும்.” போகிற அவசரத்திலும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல மனிதர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

சாயங்காலம் சலீம் மச்சானின் லோரி வந்துவிட்டது. நான் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தேன். ஹோட்டல் அஞ்சடியில் நடந்து வருகிறவர்களுக்கு நடுவே ஒருவர் வெள்ளைச் சட்டையும் சொங்கோக்குத் தொப்பியுமாக, கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கையில் பளபளவென்று ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. தாப்பாவில் கல்லாவைவிட்டு எழுந்திருக்காத மனிதர், எங்கள் டவுனில் வெறுங்காலோடு வந்து என் வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பகல் முழுக்க இல்லாத பயம் வந்தது.

“என்ன ஹஃபீசா, இங்க எல்லாரும் செருப்பக் கழட்டணுமாமே?” என்றார். கூட்டத்தைப் பார்த்தார். “சாமானு கட்டலையா?”

“கட்டுனதெல்லாம் அவுத்தாச்சு மச்சான். டிரம்முல தண்ணி இருக்கு, காலக் கழுவிட்டு உக்காருங்க.”

உட்கார இடமில்லை. அவர் தம்பியைத் தேடினார். ஜலால் நான்கு தேத்தண்ணியை ஒரே மூச்சில் இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். மூலைத் தகரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, ஒரு சொட்டுக்கூடக் கீழே போகவில்லை. தலையைத் தூக்காமலே, “அண்ணே, அந்தக் கோப்பையெல்லாம் கொஞ்சம் எடுத்துக் குடுங்க,” என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி லோரியைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. கல்லைவிட்டு நகர முடியாததால் நான் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பத்துப் பேரை வேலை வாங்குகிற சலீம் மச்சான் சப்பாத்தை ஒரு மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டு, இராசம்மா குடித்து வைத்த கோப்பையை எடுத்தார். ரொம்ப நேரம் எடுத்துக் கொடுத்தார். கடைசி வரிசை எழுந்துபோன பிறகுதான் அவருக்கு ஒரு தேத்தண்ணி கிடைத்தது.

குடித்து முடித்துச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். போகும்போது ஹோட்டல் அஞ்சடியைப் பார்த்துத் தயங்கினார். நல்லுசாமி அங்கே அவிழ்த்த சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பொத்தான் இல்லாத சட்டையோடு பூந்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தான்.

“இந்த வழியாப் போனா மறுபடியும் கழட்டணுமா?” என்று கேட்டார் மச்சான்.

“எதுக்கு? அது தெரு மச்சான்,” என்றேன். “போட்டுக்கிட்டே போங்க.”